இன்னும் இல்லை

விர்ட்சு துறையிலிருந்து குய்வஸ்து துறைக்கு
இருபத்தேழு நிமிடம்.
ஒரு பயணத்துக்கு ஓர் அத்தியாயம்.
அதற்கு மேல் எனக்கு நானே அனுமதிப்பதில்லை.

காபி எந்திரத்துக்கும் சில்லறைப் பெட்டிக்கும் நடுவே
ஒளித்து வைத்திருக்கிறேன் அட்டை கிழிந்த அந்த நாவலை.
தலைப்பு போய்விட்டது.
எழுதியவர் பெயரில் கடைசி மூன்றெழுத்து மிச்சம்.
யாரோ மேல்தளத்தில் விட்டுப்போக,
தொலைந்த பொருள் பெட்டியில் விதிப்படி ஒரு மாதம் கிடந்து
என்னிடம் வந்தது.

அவனுக்கு ஐம்பத்து நான்கு. குதிரை வைத்தியன்.
அவளுக்கு முப்பத்தேழு. மரச்சில்லுக் கூரை வேய்கிறவள்.
நூற்றெட்டாம் பக்கம் வரை இருவரும் "நீங்கள்" தான்.
நூற்றொன்பதில் வாய் தவறி
"நீ கீழே பார்க்காதே" என்கிறான்.
அவள் கூரைமேல் நின்று
அரைப் பக்கம் கீழேயே பார்க்கிறாள்.

சீரியே கேலி செய்கிறாள், தட்டு கழுவியபடி:
"கிழவன் காதல் உனக்கெதற்கு, ஹெல்வே?"
கிழவன் இல்லை என்று சொன்னேன்.
சொல்லாத பதில் வேறு.
இருபது வயதுக்காரர்களைத் தடுக்க என்ன இருக்கிறது?
மழை, மாதச் சம்பளம், ஓர் அம்மா.
இவர்கள் இருவரும் தூக்கம் வராத இரவுகளில்
தனித்தனியே கழித்தல் கணக்குப் போடுகிறார்கள்.
அவளுக்கு அறுபது ஆகும்போது அவனுக்கு எழுபத்தேழு.
எப்படிக் கழித்தாலும் பதினேழு.
விடை தெரிந்த கணக்கை
மறுநாள் இரவும் போடுகிறார்களே,
அதற்காகத்தான் படிக்கிறேன்.

என் வீட்டில் சுவரோடு கட்டிய அடுப்பு.
மாலை ஆறுக்கு பிர்ச் கட்டைகள் வைப்பேன்.
தீ கொழுந்துவிடும்போது கல் சில்லென்றிருக்கும்.
எல்லாம் எரிந்து, புகைவழியை மூடி,
பத்து மணிக்கு முதுகைச் சாய்த்தால்
அப்போதுதான் வந்து சேரும் சூடு,
நடந்தே வந்ததுபோல.

நண்பகல் பயணத்தில் ரௌனோ மேலே வருவான்.
எந்திர அறைக்குப் புதியவன், முப்பத்தாறு வயது,
நகக்கண்ணில் கிரீஸ், கறுப்புக் காபி.
"முத்தமிட்டார்களா?"
"இன்னும் இல்லை."
"பின்னே என்னதான் செய்கிறார்களாம்?"
"அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்."
"அத்தியாயம் முழுக்கவா?"
"முழுக்க."
ஒரு சீட்டி அடித்துவிட்டுக் கீழே போவான்.
"உங்களுக்குப் பொறுமை அதிகம்" என்பான் படியில் நின்று.
ஆக்கப் பொறுத்தவளுக்கு
ஆறப் பொறுப்பது ஒன்றும் பெரிதில்லை.

அவன் பிறந்த ஆண்டு
இரவல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
பள்ளி நடனத்துக்குப் போனேன்.
யாரும் கூப்பிடவில்லை. சுவரோரம் நின்று
பாட்டுகளை எண்ணினேன்.
பதினைந்து.
(பாட்டுகள் அல்ல.)

பிப்ரவரியில் ஜலசந்தி உறைந்தது.
பனிக்கட்டியை உடைத்து உடைத்துக்
கப்பல் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம்.
பயணிகள் தூங்கிவிட்டார்கள்,
விதியை மீறினேன். மூன்று அத்தியாயம்.
முந்நூற்று முப்பத்தொன்றில், சேற்று முற்றத்தில்,
அவன் பக்கத்தில் வருகிறான்.
அவள் வாயில் ஆணிகள்.
ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போடுகிறாள்.
ஐந்து ஆணிகள். ஐந்து வரிகள்.
அவசரப்படாத அந்த எழுத்தாளரின்
முழுப்பெயர் தெரிந்தால் தேவலை.

காபி எந்திரம் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.
ரௌனோ வந்தான், காதில் பஞ்சு, தலையில் பனித்தூள்.
"முத்தமிட்டார்களா?"

கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினேன்.
கைப்பிடி அவனுக்கு வாகாக இருக்கும்படி.
"இன்னும் இல்லை."

நம்பினானா, தெரியாது.
என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு கடலை, அதாவது பனிக்கட்டியை.
காபியை இதுவரை இல்லாத நிதானத்தில் குடித்தான்.
"சரி, நாளைக்குச் சொல்லு" என்றான்.

சொல்லுங்கள் என்று சொல்லவில்லை.

கார்களைக் கிளப்பச் சொல்லி மணி அடித்தது.
அடையாளத்துக்கு வைத்திருந்த ரசீதை உருவி
நூற்றெட்டாம் பக்கத்தில் வைத்தேன்.