நூறிலிருந்து

மாச்சத்தை யாரும் நேரே அளப்பதில்லை.
நூறு என்று எழுதிக்கொள்வோம்.
ஆவியான ஈரத்தைக் கழிப்போம்,
ஐந்நூற்றைம்பது பாகையில் எரிந்து எஞ்சிய சாம்பலை,
புரதத்தை, கொழுப்பை,
அமிலத்திலும் காரத்திலும் கொதித்துக் கரையாத நாரை.
மிச்சம் எதுவோ அதுதான் மாச்சத்து.
மற்ற இடங்களில் நான் விட்ட பிழையெல்லாம்
அந்த மிச்சத்துக்குள்தான் போய் உட்காரும்.

வன்னியில் இந்தக் கணக்குப் புதிதல்ல.
பதிவேட்டில் இருந்த தொகையிலிருந்து
வந்து சேர்ந்தவர்களைக் கழித்த மேசைகள் உண்டு.
அதை இங்கே இழுக்கக் கூடாது.
புல்லைப் பார்ப்போம்.

முத்தையன்கட்டிலிருந்து பத்மலோஜினி
ஷொப்பிங் பையில் கோ-மூன்று புல் கொண்டுவந்தாள்.
இரண்டு பஸ் மாறிக் கிளிநொச்சிக்கு வர
பை உள்ளுக்குள் வியர்த்திருந்தது.
"ஏழு லீற்றர் கறந்த மாடு நாலுக்கு வந்திட்டுது.
புல்லில என்ன இல்லை எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

உலர்த்தினேன், அரைத்தேன்,
சவர்க்காரக் கரைசலில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டு
வடித்தேன்.
கிண்ணத்தின் அடியில் வெளிறிய பஞ்சு:
செலுலோசு, அதைச் சுற்றிய அரைச்செலுலோசு,
இரண்டையும் பூட்டிவைத்த லிக்னின்.
என் வயிற்றுக்கு அது வெறும் சக்கை.
மாட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
அதையே உடைத்து, புளிக்கவைத்து, பாலாக்கும்.
ஆனால் அடுப்பு மூட்ட அதற்கும் சுள்ளி வேண்டும்,
கொஞ்சம் சர்க்கரை.

அந்தச் சர்க்கரை பையில் இல்லை.
அறுத்த புல்லும் மூச்சு விடுகிறது.
ஒட்டுசுட்டானில் கொஞ்சம், மாங்குளத்தில் கொஞ்சம் என்று
தன்னைத் தானே தின்றபடி வந்திருக்கிறது.

அடுத்த முறை மீன்காரரின் ஐஸ் பெட்டி.
ஆய்வுகூடம் முழுக்கச் சூடை வாடை.
சிவப்பு நூல் கட்டு, விடிய ஐந்தரைக்கு அறுத்தது.
வெள்ளை நூல், ஞாயிறு பின்னேரம் நாலு மணி.
ஒரே பாத்தி. ஒரே கத்தி.

அந்த்ரோன் ஊற்றிச் சூடு காட்டினேன்.
சிவப்பு நூலின் குழாய் தண்ணீர்ப் பச்சை.
மற்றது, மழைக்குப் பிறகு குளத்து நடுவின் நீலம்.
நாலு தசம் ஒன்று. ஏழு தசம் மூன்று.
நம்பாமல் திரும்பச் செய்தேன்.
கரண்ட் போனது. மூன்றாம் முறையும் செய்தேன்.
அதேதான்.

பகலெல்லாம் வெயிலில் சேர்த்ததை
இரவெல்லாம் செலவழித்து
விடியலில் வெறுங்கையோடு நிற்கிறது புல்.

"பின்னேரம் அறுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னேன்.
"பின்னேரம் நான் எங்க நிக்கிறன்?
ஆறரைக்கு கார்மென்ட் பஸ். வந்து இறங்க இருட்டு."
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, மாடு கத்துவதைத் தவிர.
"அப்ப இருட்டில அறுத்தா?"

இரவு ஏழு மணிக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?
என்னிடமுள்ள எந்த அட்டவணையிலும்
முத்தையன்கட்டின் ஏழு மணி இல்லை.
அறிக்கைப் படிவத்தில் அறுத்த நேரம் என்று
ஒரு கட்டமே இல்லை.
ஓரத்தில் பேனையால் கோடு போட்டேன்.
"பாம்பு பூச்சி பாத்து" என்றேன்,
வேறு என்ன சொல்ல.

வியாழன் காலை பெட்டி வந்தது.
பச்சை நூல். சட்டைத் துண்டொன்றில் அவள் எழுத்து:
ஏழு பத்து. ரோச் பிடிச்சது மகன்.
மாட்டுக்கும் ஒரு பிடி போட்டனான்.
அது மிச்சம் வைக்கேல்லை.