இரண்டாவது பை

லெக்சஸ் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து
திறப்புக்குத் தகரப் பேணியில் படுக்கை.
வெண்ணெய் பிஸ்கட் இருந்த பேணி.
அதற்குள் ஒரு கறுப்புப் பை,
பைக்குள் திறப்பு,
பேணிக்கு மேல் பத்துக் கிலோ அரிசி.
"சாமித்தட்டில் வையுங்கோ, இன்னும் பத்திரம்"
என்றாள் சுகிர்தா.
பகிடிதான்.
ஆனாலும் இரண்டு இரவு
அங்கேயும் வைத்துப் பார்த்தேன்.

பதினொரு வருடம்
டோல்வொர்த் பெற்றோல் நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்து
மற்றவர்களின் கார்கள் குடிப்பதைப் பார்த்தவன் நான்.
ஆழ்நீலக் காரோடு போன முதல் நாள்
உள்ளே வந்து, என் கதிரையில் இருந்த பொடியனிடம்
"பம்ப் நாலு" என்றேன்.
அவன் நிமிரவில்லை.

இந்த ஊரில் இப்போது
கள்ளனுக்குக் கன்னக்கோல் தேவையில்லை.
வாசலில் நின்று
ஒரு பெட்டியைச் சுவரோடு பிடிப்பான்.
உள்ளே கிடக்கும் திறப்பு
நித்திரையில் முனகும்.
அந்த முனகலைக் கொண்டுபோய்க்
காரின் காதில் ஓதினால்
எசமான் வந்துவிட்டார் என்று
தானே கதவைத் திறந்துவிடும் கார்.
நாய் என்றால் மணந்தாவது பார்க்கும்.

ஆகவே ஸ்டியரிங்குக்கு மஞ்சள் இரும்பு.
முற்றத்தில் மடக்கும் தூண்.
வாசலுக்குக் கமரா.
கார் நிற்கும் இடத்தைக்
கைபேசிக்குக் கோள் சொல்ல ஒரு வில்லை.
தேர்த் திருவிழாவில்
எல்லோரும் வடத்தைப் பிடிக்க
நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
தேர் நகர்ந்தது. புள்ளி நகரவில்லை.
சீற்றின் பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை;
வெயில் நாளில் இறங்கும்போது
"கால் ஒட்டுது அப்பா" என்பாள் ஆரபி.

பெப்ரவரி. செவ்வாய்.
அதிகாலை மூன்று பன்னிரண்டு.
கமரா பார்த்தது, நான் பார்க்கவில்லை.
இரண்டு பேர்.
ஒருவன் பெட்டியை எங்கள் கதவில் வைத்து
மெல்ல நகர்த்துகிறான்,
மூச்சை இழு, விடு என்று
டொக்டர் முதுகில் குழல் வைப்பதுபோல.
மேலே. கீழே. ஜன்னல் பக்கம்.
வீடு மூச்சுவிடவில்லை.
அரிசிக்குக் கீழே என் திறப்பு
செத்ததுபோல் கிடந்திருக்கிறது.
அவன் தலையாட்டுகிறான்.
தெருவைக் கடக்கிறார்கள்.

முன்வீட்டுக் கார்ல் குழாய் வேலை செய்பவன்.
அவன் திறப்பு
கதவோரக் கொளுக்கியில் தொங்குவதை
நானே கண்டிருக்கிறேன்.
நாற்பது விநாடி.
விளக்குக்கூடப் போடாமல் போனது வான்,
இருபது வருடம் சேர்த்த சாமான்களோடு.

காலையில் படம் கேட்டு வந்தான்.
எங்கள் கதவை அவர்கள் தடவுவதை
நின்றபடியே இரண்டு தரம் பார்த்தான்.
"உன்னுடையது எப்படித் தப்பியது?"
பேணியைத் திறந்து பையைக் காட்டினேன்.
"என்ன விலை?"
"எட்டுப் பவுண்."
எட்டுப் பவுணுக்கு இரண்டு வந்தது என்று
சொல்லவில்லை.

மற்றது லாச்சியில் கிடக்கிறது,
உறை பிரிக்காமல், செத்த பற்றரிகளோடு,
செப்டெம்பரிலிருந்து.
அவன் வாசலுக்குப் பதினாறு அடி நடை.
கொடுக்கத் தோன்றவில்லை என்றால் பொய்.
தோன்றியது.
அவனும் பத்திரப்படுத்திவிட்டால்
வருகிறவர்கள் எங்கள் வாசலில்
இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்களே
என்றும் தோன்றியது.

எங்கள் தமிழில்
பூட்டுகிற சாமானுக்கும் பெயர் திறப்புத்தான்.

புதன்கிழமை கார்லைச்
சர்பிட்டனுக்கு ஏற்றிப்போனேன்.
இரவல் பெட்டி, ஈரம் காயாத செப்புக் குழாய்கள்,
பின் சீற்றில் குறுக்காக.
ஒரு வளைவில் பொலித்தீன் கிழிந்தது.
அவன் மன்னிப்புக் கேட்டான்.
நான் றேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

இரவு, அரிசி மூட்டையைத் தூக்கும்போது
சுகிர்தா கேட்டாள்,
"அந்த மற்றப் பை எங்கே?"
"லாச்சியில்."
"தெரியும்" என்றாள்.