வில்லனிடம் கற்றது

நல்லவர்கள் எல்லாரும் வேகமாகப் பேசினார்கள்,
அழுதுகொண்டே, ஓடிக்கொண்டே, முத்தத்துக்கு நடுவில்.
ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.
அவன் ஒருவன்தான்
கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
மோதிரத்தைத் திருகியபடி
நிறுத்தி நிறுத்திப் பேசினான்.
என் துருக்கி மொழி அவனுடையது.

பத்தூமிக்குத் தெற்கே, எல்லைக்குப் போகும் சாலையில்
டயர் கடை.
பலகையில் என் பெயர்தான்: மக்வாலா.
வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்,
ஆண் யாராவது இருக்கிறானா என்று.
கிரீஸ் டப்பாவில் சாய்த்த போன்.
மழை வந்தால் நெட் படுத்துவிடும்,
இங்கே மழை வராத நாள் எது?
வட்டம் சுற்றும்,
கதாநாயகி வாய் பாதி திறந்தபடி நிற்பாள்.
அந்த நேரத்தில்தான்
கடைசியாகக் கேட்டதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்,
நட்டு முடுக்குகிற தாளத்தில்.
நூற்று நாற்பது பாகம்.

"உன் குடும்பத்தை வேரோடு அறுப்பேன்" தெரியும்.
"சில்லறை இருக்கா" தெரியாது.
"இந்தக் குழந்தை உன்னுடையதல்ல" தெரியும்.
டயருக்கு என்ன சொல்வார்கள்?
அந்த மாளிகையில் யாருக்கும் பஞ்சர் ஆனதில்லை.

நவம்பரில் ஒரு திராப்சோன் லாரி.
பின்சக்கரம் தரையோடு தரை.
காற்றடித்தால் போதும், சைகை காட்டினார் ஓட்டுநர்.
ஓரத்தில் கிழிசல் எனக்குத் தெரிந்தது.
டீயைக் கீழே வைத்தேன்.
நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்:
"இந்த வாசலைத் தாண்டினால்
உன் பிணம்தான் வீடு போய்ச் சேரும்."

தகரத்தில் மழை.
பிறகு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள்,
தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்துக்கொண்டு.
"எந்தப் பாகம்?" என்றார்.
அது புரிந்தது.

ரசீதுக்குப் பெயர் கேட்டேன். துர்சுன்.
துர் தெரியும் எனக்கு. நில்.
பாகத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் திறப்பார்கள்,
யாராவது துர் என்பார்கள்,
யாரும் நிற்க மாட்டார்கள்.
துர்சுன் என்றால், நிற்கட்டும்.
இப்படியும் ஒரு பெயரா?
மூன்று விரலை நீட்டினார்.
ஒவ்வொன்றாக மடக்கினார்.
நான்காவதைத் தன் நெஞ்சில் வைத்தார்.
அம்மா வைத்தது, என்றார், மெதுவாக.
கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை.

நீட்டிய நோட்டுக்கு மீதி என்னிடம் இல்லை.
வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன்.
அதற்கும் கைவசம் இருந்தது
அவனுடைய வாக்கியம்தான்:
"இந்தக் கணக்கை ஒருநாள் தீர்த்துக்கொள்வோம்."