பன்மை

இரவு இரண்டு பத்து.
ஈசூனில் ஒன்பதாம் மாடி வீடொன்று
என் கைப்பேசிக்குள் மூச்சிரைக்கிறது.
நான் மொழிபெயர்ப்பாளர்.
முகம் கிடையாது, குரல் மட்டும்.

"அவங்க அடிச்சாங்க"
என்கிறாள் செண்பகவடிவு.
தூக்கக் கலக்கத்தில்
சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிவிட்டேன்.
சார்ஜன்ட் ஹைக்கல் கேட்கிறார்:
எத்தனை பேர்?

ஒருவர்தான், சார்.
எங்கள் மொழியில் மரியாதைக்கு
ஒருவனைப் பலராக்குவோம்,
உதடு கிழிந்த பிறகும்.

பேனா நின்றது. அல்லது
நின்றதாக எனக்குப் பட்டது.
ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும்.

போன வருடம்
காவல் நிலையத்தில் ஒரு தடவை,
கூ டெக் புவாட்டில் தையல் போடும்போது ஒரு தடவை,
குடும்பச் சேவை நிலையத்தில்
வரிசை எண் சீட்டைக் கசக்கியபடி ஒரு தடவை.
கடைசித் தடவை
தன் கதை தனக்கே
பொய்போலக் கேட்டதாம்.

இன்று அவர்கள் சேர்ந்தே வந்திருக்கிறார்கள்.
அவளுடைய சாப்பாட்டு மேசையில்
சார்ஜன்ட்டின் தொப்பி,
சமூக சேவகி பெய் ஷானின் கணினி,
பிள்ளையின் பாதி தின்ற பிஸ்கட்.
ஒருமுறை சொன்னால் போதும்,
மற்றவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம்
என்கிறார் பெய் ஷான்.
தமிழில் சொல்கிறேன்.
"ஒரு தடவையா?"
மறுபடி சொல்கிறேன்.

சொல்லி முடிக்க நாற்பது நிமிடம்.
நடுவில் ஒருமுறை 'அவன்' என்றாள்,
உடனே திருத்திக்கொண்டாள்.
இரண்டையும் மொழிபெயர்த்தேன்.

நாற்காலிகள் நகரும் ஓசை.
பாதுகாப்பு ஆணைக்கு
காலையில் நீதிமன்றம் போக வேண்டும்.
கதவருகிலிருந்து அவள் குரல்:
"அவங்க நாளைக்கும் வருவாங்களா?"

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை.

யார், என்று கேட்கிறேன்.