கட்டம் ஏழு

படிவத்தில் ஏழாவது கட்டம்: இழப்பின் காரணம்.
அந்த ஜனவரியில் அதற்குள் நான்
நானூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதினேன்
கடவுளின் செயல் என்று.
நான் வைத்த பெயரல்ல.
கொழும்பிலிருந்து சுற்றறிக்கையில் வந்த சொல்.
கடவுளின் செயலுக்குக் காப்புறுதி இல்லை.

கிண்ணியா ஜவாஹிர் நானா
உப்புப் பூத்த அடையாள அட்டையோடு வந்தார்.
இரண்டு வள்ளம், ஒரு வாடி, ஒரு மருமகள்.
எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.
"அல்லாஹ்ட நாட்டம்தான், தம்பி"
என்று எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார்:
"ஆனா நீங்க ஏன் அத
காசு குடுக்காம இருக்கிறதுக்கு எழுதுறீங்க?"

அதே அலைக்குள்
திருக்கடலூர்க் குகநேசன்
இடுப்பில் நைலோன் கயிறு கட்டி
நாலு தரம் இறங்கினான்.
பதினொரு பேர் என்றது ஊர்.
ஒன்பது, என்றான் அவன்,
மற்ற ரெண்டு பேரும் தாங்களாத்தான் ஏறினவை.
அதை எழுத என்னிடம் கட்டம் இல்லை.
இழந்ததற்கு மட்டும்தான் படிவம்.

பதினெட்டு மாதம் கழித்து,
சோதனைச் சாவடிக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
இருநூறு யார் தெருவில்
அவனுடைய சைக்கிள் மட்டும் நின்றது.
பூட்டியபடி. ஸ்டாண்டில். ஒழுங்காக.

அன்று கடல் தகடுபோலக் கிடந்தது.
கடல் ஒன்றும் செய்யவில்லை.

யோகரஞ்சிதம், அவனுடைய தாய்,
பொலிசிப் புத்தகத்தோடு முன்னால் வந்து இருந்தா.
மரணச் சான்றிதழ் வேணும், அம்மா,
அது இல்லாமல் நாங்கள்...
"நான் செத்த காசு கேட்டு வரேல்ல.
இந்த மாசக் கட்டுக்காசு கட்ட வந்தனான்.
நிப்பாட்டினா பொலிசி செத்துப்போம் எண்டு
நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அறுநூற்று நாற்பது ரூபா.
மாதா மாதம் பதினோராம் திகதி,
மீன் மணக்கும் தாள்களும் கொஞ்சம் சில்லறையும்.

எனக்கும் விடைகள் தெரியும்.
பழவினை என்பார்கள்.
சோதனை என்பார்கள், பொன்னைப் புடமிடுவது என்று.
மனிதருக்குத் தந்த சுதந்திரம் என்று
மிஷன் பள்ளியில் படிப்பித்த மாஸ்டர் சொன்னார்,
நல்ல மனிதர், அவரும் கனடாவுக்குப் போய்விட்டார்.
மூன்றையும் ஒவ்வொன்றாக
மேசையில் அவவின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அவ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தா.
மூன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மழை. வேறு ஆளில்லை. கேட்டுவிட்டேன்:
இன்னும் கோயிலுக்குப் போறனீங்களோ?

"போகாம?
நான் கேள்வி கேட்டாலும் என்னைச் சுடாத ஆள்
இந்த ஊரில
அவர் ஒருத்தர்தானே."

அந்த வெள்ளிக்கிழமை நானும் போனேன்.
கோட்டை வாசலில் பையைத் திறந்து காட்டினேன்.
துவக்கு வைத்திருந்த பொடியனுக்கு மீசைகூட அரும்பவில்லை.
அவனுக்கும் எங்கோ ஒரு தாய்
எந்தச் சாமிக்கோ என்னவோ கட்டிக்கொண்டிருப்பா.
லஞ்ச் சீட்டைத் தின்னும் மான்களைக் கடந்தேன்.
பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய
சின்னத் தொட்டில்கள் மரத்தில் ஆடின.
யாரும் இல்லாமல், காற்றுக்கு.
இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்
இதில் ஒன்று அவவுடையது.

அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள்.
குகநேசன்.
நட்சத்திரம்?
தெரியாது என்றேன்.
இருக்கிறாரா என்று அவர்கள் கேட்கவில்லை.
அதற்காகவே அங்கே கொஞ்சநேரம் நின்றேன்,
பாறைக்குக் கீழே கடல்
நானூற்றுப் பன்னிரண்டையும் மறந்துவிட்டு
நுரை தள்ளிக்கொண்டிருக்க.

வெளியே வந்து சிட்டையைப் பார்த்தேன்.
செலுத்தியவர்: என் பெயர், பிழையான எழுத்தில்.
தொகை சரி.
பெற்றுக்கொண்டவர் ஒப்பம்:
புள்ளிக் கோடு மட்டும்.

எத்தனை படிவம் இதற்காகத் திருப்பி அனுப்பியிருப்பேன்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

குகநேசனின் கோப்பில் ஏழாவது கட்டம்
இன்னும் வெறுமையாய் இருக்கிறது.
தலைமையகம் மூன்று முறை கடிதம் போட்டுவிட்டது.

வருகிற பதினோராம் திகதி சனிக்கிழமை.
அரைநாளோடு பூட்ட வேண்டும்.
பியோனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
அவ வரும்வரை
கதவைச் சாத்தாதே என்று.