பதினோரு நாள்

நான் இந்த ஊரின் சாரிக்.
எழுத்தன், கணக்கன், எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள்.
ஆற்றுக்கும் தேக்கங்காட்டுக்கும் நடுவே
இருநூற்றுப் பதினான்கு வீட்டின் வயல்கள்
என் அலமாரியில்
ஒரே பேரேட்டில் கிடக்கின்றன.
முதுகு பிய்ந்த பேரேடு.
கரையான் அதில் மூன்று குடும்பங்களைத் தின்றுவிட்டது.
அவர்கள் இன்னும் பயிர்செய்கிறார்கள்.

ஜாவாவில் எங்கள் பக்கம் நிலத்தை ரூ என்று அளப்போம்.
ஒரு ரூ
ஓர் எருமை படுத்துப் புரண்டு எழும் இடம்.
எல்லைக்குக் கல் கிடையாது.
அண்டோங் செடிதான், சிவந்த இலை,
வெட்டினாலும் துளிர்க்கும்.
அதை யாரும் நகர்த்துவதில்லை.
ஆனாலும் நகரும்.
போகத்துக்கு ஒரு விரல் வரப்பைச் சீவுகிறது மண்வெட்டி.
முப்பது வருடத்தில் பார்ஜியோவின் வரப்பு
கஸினெம் பக்கம்
இரண்டு ரூ போய்விட்டது.

பட்டாவுக்கு அளக்க வந்த பையன்
கருவியை வானத்துக்குக் காட்டியபடி கேட்டான்,
"செடியை எழுதவா, பேரேட்டை எழுதவா?"
கஸினெம் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.
"செடியை எழுது."
பிறகு, திரும்பாமலே, பார்ஜியோவிடம்:
"அறுப்பு முடிந்தால்
என் வாத்துகள் உன் வயலில் மேயும்.
இனிக் கல்லெறியாதே."
பட்டாவில் வாத்துக்குக் கட்டம் இல்லை.
பேரேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன்.

ருஸ்மினி தைவானில்
ஒரு கிழவரை ஒன்பது வருடம் குளிப்பாட்டினாள்.
அந்தப் பணத்தில்
சுட்ரிமானின் வயலை ஒத்திக்குப் பிடித்தாள்.
அவனுக்கு மனைவியின் ஆஸ்பத்திரி,
மகனின் மோட்டார் சைக்கிள்.
எது முதலில் என்று பேரேடு கேட்பதில்லை.
இப்போது தன் வயலைத் தானே
வாரத்துக்கு உழுகிறான்,
பாதி நெல்லுக்கு.
சாயங்காலம் தகர டப்பாக் கயிற்றை இழுக்கிறான்.
குருவிகள் அவள் பாதியிலிருந்தும் எழும்புகின்றன.
ருஸ்மினி சேற்றில் இறங்குவதில்லை.
ரோஜா நிற ஓடு பதித்த வாசலில்
செருப்போடு நின்று பார்ப்பாள்.
ஒருநாள் கேட்டாள்,
"பாக் சாரிக், அவன் மீட்கவே மாட்டானா?"
அந்தக் குரலில் இருந்தது ஆசையா பயமா,
எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

என் பெயரில் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை.
எனக்குச் சம்பளமே நிலம்தான்.
ஆற்றோரம் எண்ணூறு ரூ,
ஊர் கொடுத்தது, பதவி இருக்கும்வரை.
என் கல்யாணம், மகளின் கல்லூரி,
இரண்டு வெள்ளம்,
எல்லாம் அந்த மண்ணில் நடந்தவை.
அங்கே ஒரு பலா வைக்கலாம் என்றாள் மனைவி.
வேண்டாம் என்றேன்.
பலா என் பதவியைவிட நெடுநாள் இருக்கும்.

அடுத்த மாதம், ஒரு வகே நாளில்,
எனக்கு அறுபது முடிகிறது.
மழை பிந்தி நடவும் பிந்தியது.
விரல்விட்டு எத்தனை தடவை எண்ணினாலும்
கதிர் முற்ற
அதற்கு மேல் பதினோரு நாள்.

முன்பு ஒரு தடவை இதே கணக்கோடு
எனக்கு முந்தைய சாரிக்கின் மனைவி வந்தாள்.
அவர் இறந்து நாற்பது நாள்.
நான் அலுவலுக்குப் புதிது, சட்டைக்கும்.
"விதி விதிதானே, அம்மா" என்றேன்.
அவர்கள் நட்டதை நான் அறுத்தேன்.
சோறு நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அடுத்து வருபவள் ஹெர்லினா.
இருபத்தாறு வயது.
பேரேட்டை ஏற்கெனவே படம் பிடித்து
கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள்,
கரையான் ஓட்டைகளோடு.
நேற்று வரப்போரம் வண்டியை நிறுத்திப்
பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
நான் மடையில் இருந்தேன்.
"நல்லா வந்திருக்கு, பாக்."
"ஆமாம்" என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
அவள் போகவில்லை.
நான் குனிந்து
மடையை இன்னும் ஒரு சாண் திறந்துவிட்டேன்.