தன்வினை, பிறவினை

ரூவியில் எங்கள் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவுக்கு
ஜன்னல் ஒன்றுதான். அதில் மலை,
ஒரு செடிகூட ஒட்டாத பழுப்பு மலை.
குணவதி நாலு முறையும்
அதைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

வயது முப்பத்திரண்டு. ஊர் ஜெயங்கொண்டம் பக்கம்.
சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள்.
உதிரம் நேற்று ராத்திரியிலிருந்து.
மாத்திரை யாரோ ஒருவரின் பெட்டியில்
சாம்பார் பொடிக்குள் பொதிந்து வந்திருக்கும்.
நான் கேட்கவில்லை.

டாக்டர் இக்லாஸ் அரபியில் கேட்கிறார்.
நான் தமிழில் கேட்க வேண்டும்:
கலைஞ்சுதா, கலைச்சியா?

திருந்தினான் தன்வினை,
திருத்தினான் பிறவினை
என்று எட்டாம் வகுப்பில் எழுதி
இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம்.
அதற்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது,
ஒரு விமான டிக்கெட் இருக்கிறது
என்று அன்றைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் முறை வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.
மாதுளை ஜூஸ் என் காசில்.
இரண்டாம் முறை படம் போட்ட காகிதம் கொடுத்து
ஒவ்வொரு படமாக விளக்கினேன்.
மூன்றாம் முறை பெருமூச்சு.
மாஸ்க் போட்டிருந்தேன், கேட்டிருக்கும்.
இன்றைக்கு
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவே இல்லை நான்.
வலி அதே இடத்தில்தான் வலிக்கிறது அவளுக்கு.

அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அழுவணுமா சிஸ்டர்?"
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.
"ரூமுல ஆறு பொம்பளைங்க. அழ எடம் கெடையாது.
மொதல்ல பயம். அப்புறம் அப்பாடான்னு இருக்கும்.
அப்பாடான்னு இருக்குதேன்னு அப்புறம் ஒரு பயம்.
எப்பவாச்சும்
பில் போடையில பால் பவுடர் டின்னு வந்தா
ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணிடுவேன்.
கஸ்டமரு திட்டுவாங்க."

கணவன் சோஹாரிலிருந்து வருவான், வியாழன் இரவு.
சிநேகிதர் ஒருவர் அறைச் சாவி தருவார்,
காலை ஆறு மணிவரை.
"அவ்வளவு தூரம் வர்றவர்கிட்ட
வேணாங்கறத எப்புடி சொல்றது?"
படங்கள் போட்ட என் காகிதத்தில்
அந்தச் சாவியின் படம் இல்லை.

டாக்டர் கெட்டவர் அல்ல.
சுத்தம் செய்யும்போதே லூப் வைத்துவிடலாம் என்கிறார்,
மயக்கத்திலேயே, ஐந்தாவது வராது என்கிறார்.
அக்கறையாகத்தான் சொல்கிறார்.
நானும் தட்டில் அதை எடுத்து வைத்துவிட்டேன்.
நான்காவது முறை என்றால் இப்படித்தான்,
நல்லது செய்ய அவள் விழித்திருக்கத் தேவையில்லை
என்று நம் கைக்குத் தோன்றிவிடுகிறது.

எனக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது, நாகர்கோவிலில்.
கல்யாணமாகி ஏழாம் மாதம்.
ஐயோ பாவம் என்று ஆரஞ்சு வாங்கி வந்தார்கள்.
எந்த எழுத்து என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

தட்டை மூடினேன்.
ஸ்டூலை இழுத்தேன், தரை கிறீச்சிட்டது.
லூப் பற்றிச் சொன்னேன். வைத்தால் என்ன ஆகும்,
வைக்காவிட்டால் வேறு என்னென்ன உண்டு,
வேண்டாம் என்றாலும் இரத்தத்தை நிறுத்துவோம்
என்பதையும் சொன்னேன்.
"யோசிச்சு சொல்லட்டா?"
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு, ஏனோ, அவரும் மலையைப் பார்த்தார்.

என்ன சொன்னாள், முதல் கேள்விக்கு?
"நஸல்" என்றேன். இறங்கியது.
நடுவில் ஒரு ஷத்தா விழுந்தால்
நஸ்ஸலத், இறக்கினாள்.
அவர் மொழியிலும் அவ்வளவுதான் தூரம்,
ஓர் எழுத்தை அழுத்துவது.

டாக்டர் இக்லாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
பேனா காகிதத்துக்கு மேலே நின்றது
கொஞ்ச நேரம்.
அழுத்தவில்லை.

குணவதி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.